வந்தவன் எல்லாரும் ஆடணும்

2025 பிப்ரவரி 13, வியாழன்

பாசிர் ரிஸில் ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைத்துவிடும். பாய லேபாரில் வேலைக்கு இறங்கும்வரை எழுதலாம். வீட்டில் எழுத உட்கார்ந்தால் அஃப்னா தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். "அம்மா, என்னைப் பத்தி நல்லதா எழுதுங்க லா" என்கிறாள். நல்லதாக எழுத என்ன செய்திருக்கிறாள் என்று அவளே முதலில் சொல்லட்டும்.

நேற்று டன்லப் ஸ்திரீட்டில், ஜமால் முகம்மது அண்ணனுடைய ஜவுளிக்கடை மாடியில் கூட்டம். கால்பந்து லீக் சம்மதம் சொல்லிவிட்டது! ஆகஸ்டில் முதல் ஆட்டம். ஃபேரர் பார்க்கில் தொடங்கி, கிடைத்த திடலில் எல்லாம் ஞாயிறுதோறும் உதைத்துக்கொண்டிருந்த டன்லப் ரேஞ்சர்ஸ் இனிமேல் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் கிளப். கமிட்டியில் ஐந்து பேர். ஜமால் அண்ணன் தலைவர். வங்கியில் வேலை பார்க்கும் சுந்தரேசன், விளம்பரத் தொழிலில் இருக்கும் மோகனப்பிரியா, செயலாளராக நான், அப்புறம் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் இப்ராஹீம். ஏர்கான் சர்வீஸ் வேன் வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டைக் குளிர வைத்துவிட்டு ஏழாம் நாள் வெயிலில் நின்று கத்துவார். ரேஞ்சர்ஸைத் தொடங்கியதும் இவர்தான், அன்றிலிருந்து இன்றுவரை கோச்சும் இவர்தான்.

பெயர் வைப்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. லிட்டில் இந்தியா யுனைடெட் என்று வைக்கலாம் என்றார் ஜமால் அண்ணன். "அண்ணே, அப்புறம் நம்ம ஆளுங்க மட்டும்தான் வருவாங்க, நம்ம ஆளுங்க ஓசி டிக்கெட்தான் கேப்பாங்க" என்றாள் மோகனப்பிரியா. அவரே சிரித்துவிட்டார். கடைசியில் ரோச்சோர் சிட்டி என்று முடிவாயிற்று. இவர் கீழே போய் எல்லாருக்கும் தே தாரிக் தேநீர் கட்டி வாங்கிவந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேனில் பேசிக்கொண்டே வந்தார். இவ்வளவு பேசி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்றுப் பயிற்சிக்கு நானும் போனேன். அங்கமுத்து வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்து கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். கப்பல் பட்டறையில் வேலை, பூன் லே பக்கம் தொழிலாளர் விடுதி. ஷிஃப்ட் முடித்து, பஸ் மாறி, ரயில் மாறி வருகிறான். முப்பத்தைந்து வயது. பந்து அவனிடம் வந்தால் அவனுக்கே ஆச்சரியம்.

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் ஆடுவான். இவருடைய சட்டம் அப்படி. வியாழக்கிழமை பயிற்சிக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமை இறங்க வேண்டும், ஐந்து நிமிடமாவது. போன வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டம், ஒரு கோல் முன்னிலை, முடியப்போகிற நேரம். அங்கமுத்து இன்னும் ஆடவில்லையே என்று அவனைப் பின்வரிசைக் காவலுக்கு இறக்கினார். பந்து அவன் கால் நடுவே போய் கோலுக்குள் விழுந்தது. அப்புறம் பெனால்டியில் தோற்று, கோப்பை போயிற்று. இவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்! நான் கத்தினேன். "அங்கேருந்து கெளம்பி வர்றான் ஹலீமா. வந்துட்டு ஒக்காந்துட்டுப் போகச் சொல்றியா?" என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

லீக்கிடமிருந்து நிபந்தனைகள் வந்திருக்கின்றன. தலைமைக் கோச்சுக்கு மேல்நிலைப் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இவரிடம் அதற்குக் கீழே உள்ளதுதான் இருக்கிறது. கிளப் கேட்டுக்கொண்டால் ஒரு சீசனுக்கு விலக்கு தருவார்களாம், அதற்குள் படித்து முடித்துவிட வேண்டும். கேட்பதா, வேறு ஆளை வைப்பதா என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டும்.

"ஒரு வருஷம்தானே, படிச்சிடலாம்" என்கிறார். படிப்பென்றால் ஓடியவர், இப்போது அஃப்னாவிடம் போய் நோட்ஸ் எப்படி எடுப்பது என்று கேட்கிறார். "அத்தா, first you must buy highlighter" என்கிறாள் அவள். வாங்கியும் வந்துவிட்டார், நாலு கலரில்.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு. நாக்கு வறண்ட நிலையிலும் திடலுக்குப் போயிருக்கிறார். வரும்போது பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வரச் சொன்னேன், சம்சாவும் சேர்த்து வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை கூட்டம். யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள், ஆதரவு தேடாதீர்கள் என்றேன். "நான் எதுக்குக் கேக்கணும்? நீ இருக்கேல்ல" என்றார்.

மார்ச் 12, புதன்

ரயிலில் எழுத வரவில்லை. மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நோன்பு நாளில் சாப்பாட்டு நேரம் நீளமாகத்தான் இருக்கிறது.

நேற்று நோன்பு திறந்து, தொழுது முடித்து உட்கார்ந்தோம். இந்த விஷயம் வந்ததும் இவர் தானாகவே எழுந்து கீழே கடைக்குப் போய்விட்டார். ஜமால் அண்ணன் சொன்னார், "நான் தலைவர். சமமா வந்தாத்தான் நான் சொல்லணும். நீங்க மூணு பேரும் சொல்லுங்க." சுந்தரேசன் முதலில். "பாய் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா இது வேற லெவல். விலக்கு வேணாம்." மோகனப்பிரியா, "இது அவர் டீம். அவர் இல்லாம எப்படி? விலக்கு கேப்போம்."

பிறகு என்னைப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க விலகிக்கலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றார் சுந்தரேசன். விலகியிருக்கலாம். விலகினால் சமம். ஜமால் அண்ணன் இருபது வருடச் சிநேகிதத்தை விடமாட்டார், இவருக்குத்தான் சொல்வார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராமல்.

வேணாம்னுட்டேன்.

ஏன் சொன்னேன்? ஏன்னா எனக்குத் தெரியும். சம்பளத்துக்கு ஆடுற இடத்துல யாரையாவது ஒக்கார வைக்கணும், ஒரு வருஷம் பூரா ஒக்கார வைக்கணும், சீசன் முடிஞ்சதும் போயிட்டு வாப்பான்னு சொல்லணும். அந்த மனுஷனால அது முடியாது. மத்தவங்களுக்குத் தெரியாது, நான் கூட இருந்து பாத்தவ. தெரிஞ்சிக்கிட்டு எப்படி ஆமாங்கறது? செயலாளர்னு ஒக்காந்துட்டு?

மோகனப்பிரியா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறைக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ஜமால் அண்ணன் இவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். "கமிட்டி வேற மாதிரி முடிவு பண்ணிடுச்சு இப்ராஹீம்" என்று மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று நாளாக என்னைத்தான் தேற்றுகிறார். "ரெண்டு பேர் ஒரு பக்கம் நின்னா நீ மட்டும் என்ன பண்ணுவே? விடு" என்று. இன்று நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை எடுத்து என் தட்டில் வைத்து, "உனக்குத்தான் அன்னிக்கி ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அஃப்னா தொழப் போனதும் சொல்லிவிட்டேன்.

"என்னங்க, நான்தான் வேணாம்னேன்."

புரியவில்லை அவருக்கு. திரும்பவும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "நீங்க எல்லாரையும் ஆட வைப்பீங்க. அங்க அது நடக்காது. உங்களால முடியாதுங்க."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அவர் எழுந்து கஞ்சிக் கோப்பைகளைக் கழுவினார், என்னுடையதையும் சேர்த்து. பிறகு தராவீஹ் தொழுகைக்குப் புறப்பட்டுவிட்டார்.

மார்ச் 31, திங்கள் - பெருநாள்

நம் வீட்டில் ஒவ்வொரு பெருநாள் காலையிலும் தொழுகை முடிந்து வந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வருடம் முழுவதும் செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்போம். இந்த ஊரில் மலாய்க்காரர்களோடு பழகி வந்த வழக்கம். முதலில் அஃப்னா எங்கள் இருவரிடமும் கேட்டாள். அவள் தப்பெல்லாம் சின்னச் சின்னது, சிரித்துக்கொண்டே மன்னித்தோம்.

நான் இவர் கையைப் பிடித்தேன். "நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க."

"நீ தப்பு ஒண்ணும் பண்ணலையே. சரின்னு நெனைச்சதைத்தானே சொன்னே? தப்பு பண்ணாதவங்களை எப்படி மன்னிக்கிறது?"

மெதுவாகத்தான் சொன்னார். கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. உறவுக்காரர் வந்ததும் நன்றாகச் சிரித்துப் பேசினார், எல்லாருக்கும் ரெண்டாங் கறி வைத்துக் கொடுத்தார். நான் அடுக்களையில் நின்று அழுதேன், வெங்காயம்கூட இல்லை அங்கே.

ஏப்ரல் 19, சனி

புதுக் கோச் ரமீஸ் வந்துவிட்டார். புக்கிட் பாத்தோக்கில் வளர்ந்தவர், மலேசியாவில் சில வருடம் கோச்சாக இருந்தவர். பேச்சு குறைவு, மரியாதை அதிகம். தேர்வு வைத்தார். ரேஞ்சர்ஸ் ஆட்களில் நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்களுக்கு ஒருவர் விடாமல் தானே போன் செய்து சொன்னார். நல்ல மனிதர்தான். அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

இன்று இவர் கேட்டார், "ரேஞ்சர்ஸ்ங்கற பேரு இப்ப சும்மாத்தானே கெடக்கு?" ஆமாம் என்றேன். "அப்ப நான் எடுத்துக்கறேன்." ஞாயிற்றுக்கிழமை அமெச்சூர் லீக்கில் பதிந்துவிட்டார். மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் இவரோடு.

மே 8, வியாழன்

சாவி எங்கே. கரண்ட் பில் கட்டியாச்சா. மீன் வாங்கவா, கோழி வாங்கவா. இவ்வளவுதான் பேச்சு. சண்டை என்றும் சொல்ல முடியாது. அஃப்னா கேட்டாள், "You two okay or not?" ஓகேதான் என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

ஜூலை 6, ஞாயிறு

சீசனுக்கு முன்னால் ரமீஸுக்கு ஒரு பயிற்சி ஆட்டம் தேவைப்படுகிறது. "ரேஞ்சர்ஸோட ஆடலாமே, படம் எடுத்துப் போட்டா நல்லா ஓடும்" என்றாள் மோகனப்பிரியா. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஏற்கெனவே ஒருமுறை வேண்டாம் சொன்ன வாய் என்று மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னதும், "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில், கரண்டி எல்லாம் ஆட்டக்காரர்கள். நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

நான் சிட்டி பக்கம் உட்கார்ந்திருந்தேன், வேறெங்கே உட்கார முடியும்? எதிர்ப்பக்கம் அங்கமுத்துவோடு விடுதிக்காரர்கள் ஒரு கூட்டம். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை எதிர்த்து நம்ம ஆள் ஆடப்போகிறான் என்று கைதட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஒரு கார்னர் பந்து, ஒரு தலை. ரேஞ்சர்ஸ் முதலில் கோல் போட்டுவிட்டது! பிறகு எல்லாரையும் பின்னால் இழுத்து அடைத்துக்கொண்டு நின்றார்கள். இவர் கோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தார். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. இரண்டாம் பாதியில் சிட்டி ஒன்று போட்டுச் சமமாயிற்று. இவர் இரண்டு பேரை மாற்றினார், இருப்பதிலேயே வேகமான இரண்டு பேரை. அங்கமுத்து எழுந்து கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்தான். ஓடினான். திரும்பவும் பார்த்தான்.

இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் ரேஞ்சர்ஸ் ஆட்கள் கோப்பை வாங்கினதுபோல் குதித்தார்கள். ரமீஸ் வந்து இவர் கையைக் குலுக்கினார். "ஹலீமா, நாம அவசரப்பட்டுட்டமோ?" என்றார் ஜமால் அண்ணன் என் காதோரம். நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அவரால் முடிகிறது. நன்றாகவே முடிகிறது. எனக்குச் சந்தோஷமா, அவமானமா? இரண்டும்தான். ஆனால் அங்கமுத்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டது. கூட்டாளிகள் அவனிடம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார்கள்.

வேனில் தெம்பனிஸ்வரை வந்துவிட்டோம். அப்புறம், "அங்கமுத்து ஆடல" என்றார்.

"பாத்தேன்."



ஜூலை 23, புதன்

ஜமால் அண்ணன் வீட்டுக்கே வந்தார். சிட்டியில் துணைக் கோச். மேல்நிலைச் சான்றிதழ் வாங்கியதும் மேற்கொண்டு பார்க்கலாம். ரமீஸுக்கும் சம்மதமாம். இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் போனதும் நான் நேராகவே சொன்னேன். "நான் தப்பா நெனச்சிட்டேன். உங்களால முடியும். போங்க." தலையாட்டினார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று ரேஞ்சர்ஸுக்கு ஆட்டம் இல்லை. காலையில் பூன் லேவுக்குப் போனார், உணவங்காடியில் அங்கமுத்துவோடு சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பினார். சட்டையைக்கூட மாற்றாமல் என் எதிரே உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுடான்னு சொல்லத்தான் போனேன். நான் வாயத் தொறக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டான், பரவால்ல பாய், ஜெயிக்கணும்ல, நான் எறங்கியிருந்தா கெடுத்திருப்பேன்னு. சிரிச்சிக்கிட்டே சொல்றான் ஹலீமா. இத்தன வருஷத்துல அவன் அப்படிப் பேசினதே இல்ல. நாந்தான் கத்துக்குடுத்துட்டேன்."

நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன்.

"அன்னிக்கி எனக்கு ஜெயிக்கணும்னு கூட இல்ல. உனக்குக் காட்டணும். அவ்ளோதான். காட்டிட்டேன். ஜமால்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், வர்ற வழியிலேயே."

முடியாது என்று நான் சொன்னேன். முடிகிறது. வேண்டாம் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது என்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடம் கூட இருந்து பார்த்தவளாம்!

இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் கையால் போட்டதற்குச் சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரோச்சோர் சிட்டியின் முதல் ஆட்டம். இரண்டுக்கு ஒன்று, ஜெயித்துவிட்டோம். ஜமால் அண்ணன் அழுதார், சுந்தரேசன் தண்ணீர் கொடுத்தார். என்னிடம் இலவச அனுமதிச் சீட்டு இருந்தது. இவர் அதை வாங்கிக்கொள்ளாமல் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார். "நம்ம ஆளுங்க ஓசியில வருவாங்கன்னு அந்தப் பொண்ணு மோகனப்பிரியா சொல்லிச்சில்ல" என்று. சிட்டியில் ஆடும் நம் பழைய நாலு பேரில் மூன்று பேர் இறங்கினார்கள். நாலாமவன் சக்தி பெஞ்சிலேயே இருந்தான். ஆட்டம் முடிந்ததும் இவர் முதலில் அவனிடம்தான் போனார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாப்பிடும்போது கேட்டார், "ஞாயித்துக்கிழமை உனக்கு சிட்டி வேலை ஏதாச்சும் இருக்கா?" இல்லை என்றேன்.

அமெச்சூர் லீக்கில் கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு டீமும் ஒரு ஆளைத் தர வேண்டும். அவனவன் தன் டீமுக்குத்தான் கொடி பிடிப்பான். அதனால் வாராவாரம் சண்டை. போன வாரம் கைகலப்பே ஆகிவிட்டதாம். "நீ வந்து பிடி" என்றார்.

"நானா? எதுக்கு?"

"ரூல் தெரியும். அப்புறம், நீதான் நம்ம ஆளுன்னு பாக்க மாட்டியே."

முகத்தைப் பார்த்தேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "குத்திக் காட்டல லா. நெஜமாத்தான் கூப்புடுறேன்" என்றார். எடுத்த மீனை என் தட்டில் வைத்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெயில். தொப்பி எடுத்துப்போக மறந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் எதிர் டீம்காரர்கள் முணுமுணுத்தார்கள், கோச் பெண்டாட்டி கொடி பிடித்தால் விளங்கினமாதிரிதான் என்று. காது கேட்காதவள்போல் நின்றேன்.

ஒரு கோல் பின்னால் இருந்தோம். கடைசி இருபது நிமிடத்துக்கு அங்கமுத்துவை முன்னால் இறக்கினார் இவர். காவலில் விட்டால்தானே பயம், முன்னால் நிற்கட்டும் என்றாராம். விடுதிக் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். கோலியின் கையிலிருந்து நழுவிய பந்தை எங்கள் ஆள் ஒருவன் உதைத்தான், அது அங்கமுத்து காலடியில் வந்து விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போயிற்று. வாழ்க்கையிலேயே முதல் கோல். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டாளிகளிடம் ஓடினான்.

ஓர் அடி. எங்கள் ஆள் உதைத்தபோதே எதிராளிகளைத் தாண்டி ஒரே ஓர் அடி முன்னால் நின்றிருந்தான்.

யா அல்லாஹ், அவனாகவா இருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கொடியைத் தூக்கினேன். நடுவர் விசில் ஊதினார். நம் ஆட்கள் அத்தனை பேரும் என்னை நோக்கி ஓடி வந்தார்கள். "அக்கா, என்னக்கா நீங்க!" "அவன் போட்ட ஒத்தக் கோலுக்கா!" நான் கொடியை இறக்கவில்லை.

எதிர்க்கோட்டிலிருந்து இவர் கத்தினார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"அவ தூக்குனா ஆஃப்சைடுதான்டா! போய் ஆடுங்க!"

போனார்கள். அங்கமுத்து மட்டும் நின்று, இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம். வரும் வழியில் தெம்பனிஸில் வேனை நிறுத்தி எனக்கு ஒரு தொப்பி வாங்கினார்.